ஆயில் சேம்பரில் கிடைத்தது

அந்தப் பட்டறையில் அவளை எல்லோரும் 'விசாரணை' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது வேறு யாருமில்லை, பட்டறை முதலாளியான அவளுடைய சொந்த அண்ணன்தான். "காரை ரிப்பேர் பண்ணச் சொன்னா கமிஷன் போட்டு விசாரிக்கிறா" என்று என்றைக்கோ எரிச்சலில் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் ஒன்றும் வருத்தமில்லை. போனை எடுத்தால் "விசாரணை பேசுறேன்" என்பாள். எதிர்முனையில் இருப்பவர் ஏதோ போலீஸ் ஸ்டேஷன் என்று பயந்து பெயர், ஊர் எல்லாம் ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார்.

நாற்பத்து மூன்று வயது. இருபத்தைந்து வயது வரை உதிரிபாகக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நின்றவள். கேட்ட சாமானைக் கொடுத்தோமா, அடுத்த ஆளைப் பார்த்தோமா என்று இருக்கத் தெரியவில்லை. "பழசு எங்கே? கொண்டாங்க பார்ப்போம். இது ஏன் இந்தப் பக்கம் மட்டும் தேய்ஞ்சிருக்கு?" என்று வரிசையை நிறுத்திவிட்டு ஆராய்ச்சியில் இறங்கிவிடுவாள். கடைக்காரர் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். அண்ணன் பட்டறைக்கு வந்த அன்றே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தவள்தான், பதினெட்டு வருஷமாக அங்கேயேதான் இருக்கிறாள். வீட்டிலும் இதே கதை. அவளுடைய வீட்டுக்காரர் தாமதமாக வந்தால், கேட்கப்போகும் ஐந்து கேள்விகளுக்கும் வாசலிலேயே வரிசையாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

அவளுக்குப் பிடிக்காத கேள்வி ஒன்றே ஒன்றுதான். புதிதாக வருகிற யாரும் அவளைப் பார்த்ததும் கேட்பது: "மெக்கானிக் எங்கம்மா?" அவள் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டாள். "அடியில படுத்திருக்காரு, இருங்க, எழுப்புறேன்" என்று சொல்லிவிட்டு, சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் ஒரு தள்ளு தள்ளிப் போய், மறுபடி தலையை மட்டும் வெளியே நீட்டி, "சொல்லுங்க, என்ன பிரச்சினை?" என்பாள். வந்தவர் அசடு வழிய நிற்பார். இந்தக் கூத்தை அண்ணன் ஆயிரம் தடவை பார்த்தாகிவிட்டது, இன்னும் சிரிக்கிறார்.

பட்டறையில் அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. எஞ்சினைத் திறந்தால், உள்ளே என்ன கிடைத்தாலும் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் போட்டு வைப்பாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வேனின் எஞ்சினில் நகக்கண் அளவு தகடு ஒன்று கிடைத்தது. "தூக்கிப் போடு, மூடு" என்றார் அண்ணன். அவளும் மனசில்லாமல் மூடினாள். மூன்றாவது வாரம் அந்த எஞ்சின் நடுவழியில் இறுகிப்போய், கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் கொட்டுகிற மழையில் நாலு மணி நேரம் நின்றது. அதற்குப் பிறகு சட்டம் கறாராகிவிட்டது. தட்டில் இருக்கிற ஒவ்வொன்றும் இன்னது, இன்ன இடத்திலிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் எஞ்சினை மூடுவாள். யார் தலைகீழாக நின்றாலும் சரி.

அப்படி இருக்கையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பச்சை வண்டி கயிறு கட்டி இழுத்துவரப்பட்டது. இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். நீண்ட மூக்கு, துணிக்கூரை, அவளைவிட வயதில் மூத்தது. தரையோடு தரையாகப் போகிற வண்டி. வேகத்தடை ஒன்றில் வயிறு இடித்து, எஞ்சினுக்கு அடியில் எண்ணெயைத் தேக்கி வைத்திருக்கும் தொட்டி, அதாவது ஆயில் சேம்பர், குறுக்கே விரிசல் விட்டிருந்தது.

கூடவே வந்தார் சொந்தக்காரர். எழுபது வயது, ஓய்வு பெற்ற நில அளவையாளர். சட்டைப் பையில் இன்னமும் சின்ன டேப் ஒன்றை வைத்திருந்தார்.

"சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு வேணும்மா. முடியுமா?"

"சனிக்கிழமை என்ன சார்?"

"என் சம்சாரத்தை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வரணும். பக்கவாதம். நாலு மாசம் ஆச்சு. ஆம்புலன்ஸ்ல வரமாட்டாளாம், வாடகைக் கார்லயும் வரமாட்டாளாம். 'நம்ம வண்டியைக் கொண்டாங்க, ஏறி உக்கார்றேன்'னுட்டா. வண்டி ஓடுதான்னு பார்க்கலாம்னு எடுத்தேன்..." அவர் வண்டியின் வயிற்றைப் பார்த்தார். "நானே போய் இடிச்சுட்டு வந்திருக்கேன்."

அதைச் சொல்லும்போது அந்த மனிதரின் குரல் உடைந்தது. விசாரணைக்கு மனசு இளகிவிட்டது. சனிக்கிழமை பத்து மணிக்கு வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்துவிட்டுத்தான் கேள்விகளை ஆரம்பித்தாள்.

"இந்த சேம்பரைக் கடைசியா எப்ப கழட்டினது?"

"பத்தொன்பது வருஷம் முன்னாடி."

"எந்தப் பட்டறையில?"

"பட்டறை இல்லை. வீட்லதான்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வீட்லயேவா! எஞ்சினைத் தூக்காம இது வெளியவே வராதே சார்!"

"ஆமா. தூக்கித்தான் கழட்டினது."

அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை. எல்லைத் தகராறு வழக்குகளில் முப்பது வருஷம் சாட்சிக்கூண்டில் ஏறி இறங்கிய மனிதர். கேட்டதற்கு மட்டும் பதில், ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. விசாரணை அவரை மேலும் கீழும் பார்த்தாள். கோடு போட்ட பேண்ட்டும் பளபளவென்ற ஷூவுமாக நிற்கிற மனிதர், வீட்டு முற்றத்தில் எஞ்சினைத் தூக்கியிருக்கிறார். ஆளைப் பார்த்து எடை போடக்கூடாதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை வேலை தொடங்கியது. எண்ணெயை வடித்து, சங்கிலி போட்டுத் தூக்கும் செயின் பிளாக்கில் எஞ்சினை மூன்று விரற்கடை உயர்த்தி, பதினெட்டு போல்ட்டுகளையும் கழற்றி, சேம்பரைக் கீழே இறக்கினாள். இறக்கியதும் அவள் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. வேலை என்றால் அதுவல்லவா வேலை! எண்ணெய் ஒழுகாமல் இடையில் வைக்கிற கார்க் பேக்கிங்கைக் கடையில் வாங்கவில்லை. கார்க் தாளில் கையாலேயே வெட்டியிருந்தார்கள். சுற்றளவு முழுக்க ஒரே வெட்டு, எங்கும் பிசிறு இல்லை, தடுமாற்றம் இல்லை. ஒவ்வொரு போல்ட் துளைக்குப் பக்கத்திலும் எந்த வரிசையில் முறுக்க வேண்டும் என்று ஊசியால் கீறிய குட்டி குட்டி எண்கள்.

"அண்ணே, இங்க வாங்க. அளவைக்காரர் கைன்னா அளவைக்காரர் கைதான். மனுஷன் நிலத்தை அளந்த மாதிரியே பேக்கிங்கையும் வெட்டியிருக்காரு."

"ரசிச்சது போதும், வேலையைப் பாரு" என்றார் அண்ணன்.

சேம்பரின் அடியில் தங்கியிருந்த கசடைத் துணியில் வடிகட்டி, தட்டில் கொட்டினாள். கார்க் துணுக்குகள் நாலு. செம்பு வாஷர் சில்லு ஒன்று. உடைந்த இரும்புப் பின்னின் முனை ஒன்று. எல்லாவற்றுக்கும் ஊர் பேர் தெரிந்தது. கடைசியாக டக்கென்று ஒரு சத்தத்தோடு இன்னொன்று விழுந்தது.

பட்டாணி அளவு. வெள்ளி நிறம். உள்ளே குடைவாக, ஒரு பக்கம் லேசாக நசுங்கிய குட்டிக் கிண்ணம் போல இருந்தது. காந்தம் வைத்துப் பார்த்தாள், ஒட்டவில்லை. பேரிங்கிலிருந்து வந்ததா? பிஸ்டனிலிருந்தா? எதுவாக இருந்தாலும் எஞ்சின் உள்ளுக்குள் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். முழுக்கப் பிரித்தாக வேண்டும். இரண்டு வாரம் ஆகும். சனிக்கிழமை போயே போச்சு.

வியாழக்கிழமை புது சேம்பர் பார்சலில் வந்து இறங்கியது. பழைய வண்டிச் சாமான் விற்கிற ஒருவர் எங்கேயோ தேடிப் பிடித்து அனுப்பியது, காகித உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. அதைத் திரும்பிப் பார்க்கக்கூட அவளுக்கு நேரமில்லை. அடியில் படுத்துக்கொண்டு பேரிங் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதலாவது சுத்தம். இரண்டாவது சுத்தம். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள், ஒரு கீறல் இல்லை. ஆயில் பம்பைக் கழற்றிப் பார்த்தாள், அதிலும் ஒன்றும் குறையவில்லை. வண்டியின் பாகப் படங்கள் உள்ள புத்தகத்தை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக, அந்தக் கிண்ணத்தை ஒவ்வொரு படத்தின் மேலும் வைத்து ஒப்பிட்டாள். ஏதோ ஒன்றுக்காவது மாப்பிள்ளைப் பொருத்தம் வரவேண்டுமே! ஊஹூம்.

"எல்லாம் நல்லாருக்குன்னு நீயே சொல்றே. அப்புறம் என்ன? மூடு" என்றார் அண்ணன்.

"அப்ப இது யாரு?"

"யாரா இருந்தா என்ன? பத்தொன்பது வருஷம் உள்ள சும்மா கிடந்திருக்கு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

"வேன் விஷயத்துல இதையேதான் சொன்னீங்க."

அண்ணன் வேறு வண்டிப் பக்கம் நகர்ந்துவிட்டார். அந்த வேனைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் முகத்தில் ஈயாடாது.

வெள்ளிக்கிழமை வந்தது. மதியத்துக்குள் தெரியாவிட்டால் அளவையாளரைக் கூப்பிட்டு, நாளைக்கு வண்டி வராது என்று சொல்லியாக வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாலு மாசம் கட்டிலில் கிடந்த ஒரு மனுஷி கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? பிரித்துப் பார்க்காத பிஸ்டனை நம்பி மூடி, வழியில் எஞ்சின் இறுகி, கை கால் வராத அந்த அம்மா நடுரோட்டில் உட்கார்ந்திருந்தால்? அதை நினைத்தால் இன்னும் மோசம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சும்மா உட்காரப் பிடிக்காமல், புது சேம்பர் சரியாகப் பொருந்துகிறதா என்று வெறுமனே வைத்துப் பார்க்கலாம் என்று அடியில் போனாள். ஒரு கையால் சேம்பரைத் தாங்கிப் பிடித்து, மறுகையால் துளையைத் தடவி, போல்ட்டுகளைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டாள். அடியில் படுத்து வேலை செய்கிறவர்களுக்கு வாய்தான் மூன்றாவது கை.

அண்ணன் குனிந்து பார்த்துவிட்டுக் கத்தினார். "வாயில போல்ட்டை வைக்காதே, வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? ஒருநாள் பல்லு பேந்து கையில வரப்போகுது!"

அவள் அப்படியே உறைந்துபோனாள். மூன்று போல்ட்டும் வாயிலிருந்து ஒவ்வொன்றாக நழுவி மார்பில் விழுந்தன. சேம்பரை அண்ணன் கையில் திணித்துவிட்டு, தட்டிலிருந்த அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, கையைக்கூடத் துடைக்காமல் ஓட்டமாக ஓடினாள். எதிர் வரிசையில், மாடியில், பல் டாக்டர்.

காத்திருந்தவர்கள் முறைத்தார்கள். டாக்டர் அம்மா நிமிர்ந்து பார்த்து, "யாருக்கு? உங்களுக்கா?" என்றார்.

"இல்ல டாக்டர். எஞ்சினுக்கு."

டாக்டர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சின்ன இடுக்கியால் அந்தக் கிண்ணத்தைத் தூக்கி விளக்கடியில் திருப்பினார். "கடைவாய்ப் பல்லுக்குப் போடற ஸ்டீல் கேப். இப்பல்லாம் இப்படிப் போடறதில்லை. எங்கேர்ந்து கிடைச்சது?"

"அப்பாடா!" என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள் விசாரணை. "நல்லா இருங்க டாக்டர், எஞ்சின் பிழைச்சுது!"

மாடிப்படி இறங்கும்போதே அளவையாளருக்குப் போன் போட்டாள். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"சார், உங்க பல்லு கிடைச்சிருச்சு!"

"என் பல்லு எல்லாம் என் வாயிலதாம்மா இருக்கு."

"கேப் சார், கடைவாய்ல போட்டிருப்பீங்களே. சேம்பரை மாட்டும்போது போல்ட்டைக் கடிச்சிருப்பீங்க, கழண்டு உள்ள விழுந்திருக்கு!"

"நான் எங்கம்மா சேம்பரை மாட்டினேன்?"

"வீட்லதான் கழட்டினதுன்னு சொன்னீங்களே?"

"ஆமா, வீட்லதான். அவதான் கழட்டினா, அவதான் மாட்டினா."

"யாரு?"

"என் சம்சாரம். வண்டியே அவளோடதும்மா. அடைச்ச இடம்னா எனக்கு மூச்சு முட்டும், அடியில எல்லாம் போகவே மாட்டேன். கல்யாணமான நாள்லேர்ந்து அந்த வண்டிக்கு நான் டார்ச் மட்டும்தான் பிடிச்சிருக்கேன்."

விசாரணை படியிலேயே நின்றுவிட்டாள். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

"நீ கேக்கலையேம்மா."

சுருக்கென்றது அவளுக்கு. கேட்கத்தான் இல்லை. எப்போது, எங்கே, எப்படி என்று துருவித் துருவி விசாரித்தாள். யார் என்று மட்டும் கேட்கவில்லை. பதினெட்டு வருஷமாக ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் "மெக்கானிக் எங்கம்மா" என்ற ஒரு கேள்விக்காக அசடு வழிய வைத்தவள், ஒரு ஆம்பளையைப் பார்த்ததும் வேலை அவருடையது என்று தானே முடிவு கட்டிவிட்டாள். வெட்கமாக இருந்தது. காது மடல் சூடானது. அண்ணனிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்தம்மா என்ன வேலை சார்?" என்று போனை வைக்கும்முன் கடைசியாக அவரிடம் ஒன்று கேட்டிருந்தாள்.

"தையல்" என்றிருந்தார் அவர். "நாப்பது வருஷம்."

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. கார்க் தாளில் பிசிறில்லாத அந்த ஒரே வெட்டு, ஊசியால் கீறிய எண்கள், குண்டூசியைக் கவ்விக் கவ்விப் பழகிய வாய் போல்ட்டையும் கவ்வியது. அன்று மதியம் அவள் பழைய பேக்கிங்கை அச்சாக வைத்து, புதுக் கார்க் தாளில் அதே மாதிரி ஒரே வெட்டாக வெட்டப் பார்த்தாள். இரண்டு தாள் வீணானது. மூன்றாவதில் சுமாராக வந்தது. அந்த எண்கள் சொன்ன வரிசையிலேயே பதினெட்டு போல்ட்டையும் முறுக்கினாள். ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை.

சனிக்கிழமை ஒன்பதரைக்கே பச்சை வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. நின்றதும் முதல் வேலையாக ஒரு செய்தித்தாளை வண்டிக்கு அடியில் விரித்துவைத்தாள் விசாரணை. பத்து மணிக்கு அளவையாளர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாற்காலியில் ஒடிசலான ஒரு அம்மா, வலது கை மடியில் கிடந்தது. வண்டியைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அந்த... மெக்கானிக் பையன்... வரலையா?" வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன.

அளவையாளர் தொண்டையைக் கனைத்தார். "இவங்கதான் மெக்கானிக்."

அந்த அம்மா விசாரணையை ஏற இறங்கப் பார்த்தார். இடது கையை நீட்டி அவள் கையைப் பிடித்து, திருப்பி, நகக்கண்ணில் இருந்த கறுப்பைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். "நாலு நாளா... பையன் கெட்டிக்காரனா, கெட்டிக்காரனான்னு கேட்டேனே... ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"கெட்டிக்காரத்தனம் உண்டான்னு கேட்டே, உண்டுன்னேன். பையனான்னு கேக்கலையே."

விசாரணை பக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். "அம்மா, நானும் அதே தப்பைப் பண்ணிட்டேன். உங்க வேலையைப் பார்த்துட்டு ரெண்டு நாளா இவரைப் புகழ்ந்துட்டு இருந்தேன். மன்னிச்சுக்கங்க" என்று சொல்லி, காகிதத்தில் மடித்து வைத்திருந்த கேப்பை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அந்த அம்மாவின் முகம் ஒரு பக்கம்தான் சிரித்தது. ஆனால் நன்றாகச் சிரித்தது.

"சாப்பிடும்போது முழுங்கிட்டேன்னு சொன்னியே!" என்றார் அளவையாளர். "ஒரு வாரம் எனக்குத் தூக்கமே இல்லை!"

"உள்ள விழுந்ததுன்னு சொல்லியிருந்தா... அப்புறம் என்னை அடியில போக விட்டிருப்பீங்களா?"

சாட்சிக்கூண்டில்கூட அவர் அப்படி மாட்டியிருக்க மாட்டார்.

அம்மா வண்டிக்கு அடியில் இருந்த செய்தித்தாளைக் கண்ணால் காட்டினார். "எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை மணி. ஒரு சொட்டுகூட இல்லைம்மா."

"இன்னும் பதினஞ்சு நிமிஷம்."

"ஏம்மா, டாக்டரே வீட்டுக்குப் போன்னுட்டாரு, நீ வண்டியை அட்மிட் பண்ணி வச்சிருக்கே!" என்று புலம்பிக்கொண்டே அளவையாளர் படியில் உட்கார்ந்தார். மூன்று பேரும் தரையில் கிடந்த ஒரு செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் அப்படி என்ன செய்தி என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பதினைந்து நிமிடம் கழித்து விசாரணை தாளை உருவி நீட்டினாள். அம்மா அதை இடது கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தார். சுத்தமாகக் காய்ந்து கிடந்தது.

"என் கைவேலை மாதிரியே இருக்கு" என்றார். சொல்லிவிட்டு மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தார். இனிமேல் அது ஸ்பேனர் பிடிக்காது என்று அங்கே இருந்த மூன்று பேருக்கும் தெரிந்தது.

ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரை வண்டியில் ஏற்றினார்கள். பெல்ட்டைப் போட்டுவிட்டு விசாரணை நிமிரப்போனபோது, அம்மா அவள் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அடுத்த தடவை ஆயில் மாத்தும்போது... ஒரு நாற்காலி போடு. நான் வர்றேன். டார்ச் நான் பிடிக்கிறேன்."

"இடது கையில பிடிக்க முடியுமாம்மா?"

"ஏன், அதுக்கென்ன குறை?"

"அப்ப நான்?" என்றார் அளவையாளர், சாவியைத் திருப்பப் போனவர் நிறுத்தி.

"நீங்க வேகத்தடையைப் பார்த்து ஓட்டுங்க" என்றார் அந்த அம்மா.